கட்டையில் இரண்டு பேர்

தவராசா தன்னுடைய ஐம்பத்தாறாவது வயதில், தன்னைவிட இருபது வயது குறைந்த ஒருத்தியிடம் பாடம் கேட்கப் போனார். அதுவே அவருக்குப் பாதிக் கோபம். அவள் காசு வேண்டாம் என்று சொன்னது மீதிக் கோபம்.

ரொறன்ரோவில் பழைய கார் வாங்கி விற்கிறவர் அவர். கோப்பை கழுவி, பெட்ரோல் அடித்து, ஏமாந்து, ஏமாற்றியவனின் சட்டையைப் பிடித்து உலுக்கித்தான் தொழில் படித்தார். விலை சொல்லாமல் ஒருவன் சாமானை நீட்டினால், அதில் எங்கேயோ பழுது இருக்கிறது. முப்பது வருடத்தில் அவர் பிழை பிடிக்க முடியாத ஒரே பாடம் அது.

அவள் பெயர் சாம்பவி. கனடாவின் மேற்குக் கரையில், மழைக்காடு கடல்வரைக்கும் இறங்கி வந்து நிற்கிற ஓர் ஆற்று முகத்தில், சின்னப் படகொன்றில் இருந்துகொண்டு கரடிகளைப் படம் எடுக்கிறவள். முன்பு மீன்பிடிக் கப்பலில் சமையல் வேலை பார்த்தாளாம். அவளுடைய படங்களில் கரடிகள் தங்கள் பாட்டில் இருக்கும். பக்கத்தில் ஓர் ஆள் கமராவோடு இருந்தார் என்பதற்கே அடையாளம் இராது.

தவராசாவும் ஆறு வருடமாகக் கரடிகளைப் படம் எடுக்கிறார். அவருடைய லென்ஸ் ஒரு குழந்தையின் நீளம். தான் எடுத்தவற்றில் நல்ல இருபது படங்களைப் படகின் மேசையில் பரப்பினார்.

"பாரும் பிள்ளை. ஒவ்வொரு மயிரும் எண்ணலாம். பிழை சொல்லும் பாப்பம்."

"பிழை இல்லை."

"அப்ப ஏன் எல்லாம் என்னை இப்பிடிப் பார்க்குதுகள்?"

சாம்பவி குனிந்து பார்த்தாள். இருபது கரடிகளும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. காதுகள் பின்னால் மடிந்திருந்தன. கழுத்து விறைத்திருந்தது. ஒரு கால் அப்போதே ஓடத் திரும்பியிருந்தது.

"இதை நீங்களா கண்டுபிடிச்சனீங்கள்?"

தவராசா கொஞ்ச நேரம் படங்களை அடுக்கினார். அடுக்கியதைக் கலைத்தார்.

"மகள் சொன்னவள்."

மகள் இரண்டு வருடத்துக்கு முன்பு சண்டை பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவள். தன் உடுப்புகளை எடுக்க ஒரு நாள் வந்தாள். கூடத்தில் மாட்டியிருந்த கரடிகளுக்கு முன்னால் நின்றாள். 'அப்பா, நாங்கள் உங்களைப் பார்க்கிற மாதிரியே இதுகளும் பார்க்குது' என்றாள். கத்தவில்லை, அழவில்லை. மணி என்ன என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். தவராசா கத்தினார், அந்தத் தெருவே கேட்கக் கத்தினார். ஆனால் அந்த வசனம் முள்ளுப்போல உள்ளே போய் இருந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் வரவுமில்லை, போன் எடுக்கவுமில்லை.

"ஒரு படம் வேணும். என்னை அப்பிடிப் பார்க்காத ஒரு கரடி. ஒண்டே ஒண்டு. அதை அவளுக்கு அனுப்ப வேணும்."

சாம்பவி தேநீர் ஊற்றினாள்.

"பத்து நாள் இருங்கோ."

"என்ன தரவேணும்?"

"ஒண்டும் வேண்டாம். நான் சொல்லுற இடத்தில இருக்கோணும்."

"அதோட?"

"கதைக்கோணும்."

"ஆரோட?"

"ஆரோடயும் இல்லை. சும்மா."

எங்கே பழுது இருக்கிறது என்று தவராசாவுக்குப் பிடிபடவில்லை. தேநீரைக் குடித்தார்.

ஆறு கடலில் சேருகிற இடத்தில், கூழாங்கல் கரையில், வெள்ளம் கொண்டுவந்து போட்ட பெரிய மரக்கட்டை ஒன்று கிடந்தது. முதுகுக்குப் பின்னால் காடு. முன்னால் ஆறு. சால்மன் மீன்கள் முட்டையிட ஆறேறுகிற காலம். தண்ணீர் கறுகறுவென்று மீனாக நின்றது. இரண்டு பேரும் கட்டையில் ஆளுக்கொரு பக்கமாக இருந்தார்கள்.

மழை விட்டு வெயில் வந்தபோது அது நேரே முகத்தில் அடித்தது.

"பிள்ளை, இது வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம்."

"ஓம்."

"அங்கால கரையில அந்தப் பாறையடி இருக்கு. அங்க இருந்து பார்த்தால் வெளிச்சம் பொன் மாதிரி விழும்."

"ஓம். விழும்."

"அப்ப ஏன் இஞ்ச?"

"கதையுங்கோ அண்ணை. ஒரே இடம், ஒரே குரல். இந்த ஆறு இஞ்சத்தைப் பூர்வகுடி ஆக்களின்ர. அவை எனக்குச் சொன்ன முதல் சட்டம். அவையின்ர அனுமதியிலதான் இருக்கிறம். கரடி எங்களைத் தேடிப் பார்க்க வைக்கக் கூடாது."

தவராசாவுக்குக் கதைக்கச் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் அவருடைய குரல், ஐம்பது கார் நிற்கிற முற்றத்தின் கடைசிவரை கேட்க வளர்ந்த குரல். அதைத் தணித்தபோது அதற்குள் ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"வண்டி ஒரு கை பாவிச்சது," என்றார் ஆற்றைப் பார்த்து. "ஒரு ரீச்சரம்மா ஓடினது. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும். கீறல் எண்டு ஒண்டும் இல்லை. இருக்கிறதும் தண்ணி பட்டால் போயிடும்."

சாம்பவியின் தோள் அசைந்தது.

"சிரிக்காதையும்."

"சிரிக்கேல்ல. எஞ்சின் எப்பிடி?"

"எஞ்சினைப் பற்றி மாத்திரம் கேக்காதையும்."

மூன்றாம் நாள், மேலே வளைவிலிருந்து ஒரு பழுப்புக் கரடி வந்தது. இடது காது பாதி கிழிந்த பெண் கரடி. பின்னால் ஒரு குட்டி.

"கிழிஞ்சகாது," என்றாள் சாம்பவி. "வசந்தத்தில ரெண்டு குட்டி."

"மற்றது?"

"கடுவன் கொண்டுட்டுது. ஆண் கரடி. இந்தக் காட்டுக்குள்ளதான் நிக்குது."

தாய் நின்று காற்றை மோந்தது. தவராசா பயத்தில் இன்னும் இரண்டு காரை விற்றார். அது தண்ணீரில் இறங்கியது.

அடுத்தடுத்த நாட்களில் அது கிட்டக் கிட்ட வந்தது. ஆறாம் நாள், கட்டையிலிருந்து இருபது அடியில் மீன் பிடித்தது. தவராசாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"பாத்தீரோ? என்ர வாய்க்கு மயங்கி வருது."

சாம்பவி பின்னாலிருந்த காட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆனால் படம் சரிவரவில்லை. வெயிலுக்கு எதிரே கரடி ஒரு கறுப்பு மூட்டையாகத்தான் விழுந்தது. அதன் முகத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மகளுக்கு அனுப்ப மூட்டை எதற்கு? அவர் பாறையடியைக் காட்டிப் பேரம் பேசத் தொடங்கினார்.

"ஐஞ்சு நிமிசம்."

"இல்லை."

"மூண்டு."

"இல்லை."

"நீரும் வாரும், ரெண்டு பேருமாப் போவம்."

"இல்லை, அண்ணை."

காரணம் சொல்லாமல் அவருக்கு மூன்று தரம் இல்லை சொன்ன ஆள் இந்த உலகத்தில் இல்லை. காது சுட்டது.

"ஏன் எண்டாவது சொல்லும்."

"சொன்னால் நீங்கள் அதுக்கும் ஒரு விலை பேசுவியள்."

எட்டாம் நாள் கடல் வேகமாக வற்றியது. படகு தரைதட்டப் பார்த்தது. சாம்பவி எழுந்தாள்.

"படகை ஆழத்துக்குக் கொண்டுபோய் விட்டிட்டு வாறன். அரை மணித்தியாலம். இருங்கோ. கதையுங்கோ."

அவள் வளைவைத் தாண்டி மறைந்தாள். கிழிஞ்சகாது கூழாங்கல்லில் சரிந்து படுத்திருந்தது. குட்டி அதன் வயிற்றில் ஏறிக்கொண்டிருந்தது. வெளிச்சம் அப்படியே பொன்னாக இருந்தது, அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு.

தவராசாவின் போனில், வீட்டில் போட்டுச் சிரிக்கலாம் என்று முதல்நாள் பதிந்துவைத்த கரடிக்கு அவர் கார் விற்ற கதை ஒரு மணித்தியாலம் இருந்தது.

அவர் மழைக்கோட்டைக் கழற்றினார். பஸ்ஸில் சீட்டுப் பிடிக்கத் துவாயைப் போடுவதுபோல அதைத் தன் இடத்தில் நிமிர்த்தி வைத்தார். அதற்குள் போனை வைத்துத் தட்டினார். 'வண்டி ஒரு கை பாவிச்சது' என்று கோட்டு கதைக்கத் தொடங்கியது. அவர் குனிந்து, சத்தமில்லாமல், முழங்கால் தண்ணீரில் ஆற்றைக் கடந்தார். ஒரே இடம், ஒரே குரல். சட்டத்தில் ஒரு சொல்லையும் அவர் மீறவில்லை. தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு பாறையடியில் குந்தினார்.

லென்ஸுக்குள் கிழிஞ்சகாது முழுவதும் வெளிச்சமாக வந்தது.

அது தலையைத் தூக்கியது.

கட்டையைப் பார்த்தது. அங்கே குரல் இருந்தது. மூக்கைத் தூக்கி மோந்தது. பிறகு இந்தப் பக்கம் திரும்பியது. இங்கே ஆள் இருந்தார், குரல் இல்லை. மறுபடி கட்டையைப் பார்த்தது. மறுபடி அவரை. ஒரு கரடி குழம்பி நிற்பதைத் தவராசா அதற்கு முன்பு கண்டதில்லை.

அவர் கமராவை ஒரு தரம் அமத்தினார்.

கட்டைக்குப் பின்னால் புதர் விலகியது. கடுவன் வந்தது. தாயைப்போல இரண்டு மடங்கு. அது கோட்டை மோந்தது. கையால் தட்டியது. 'கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்' என்றது கோட்டு. கடுவன் கோட்டைக் கிழித்து எறிந்துவிட்டு, ஒரே எட்டில் கட்டையைத் தாண்டியது.

தாய் குட்டிக்கு முன்னால் பாய்ந்தது. தவராசா எழும்பிக் கத்தினார். முற்றத்துக் குரல் அப்படியே வெளியே வந்தது. கடுவன் அதைக் கவனிக்கவில்லை. தாய் கவனித்தது. குட்டியை அவர் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்த அது, அந்தச் சத்தத்தைக் கேட்டுத் திரும்பி, கடுவனுக்கும் கத்துகிற மனிதனுக்கும் நடுவில் நின்றுவிட்டது. கடுவனின் கை அதன் தோளில் விழுந்தது. குட்டி பக்கத்து மரத்தில் ஏறியது.

சாம்பவி வளைவால் வந்தாள். ஓடவில்லை. நேரே கட்டைக்கு வந்து, தவராசாவின் இடத்தில் இருந்தாள். கதைக்கத் தொடங்கினாள். தண்ணீருக்கு மேலால் அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"முதல் பழப்புளியைக் கரைச்சு வைக்கோணும். வெந்தயம் கருகக் கூடாது. தலையைக் கடைசியிலதான் போடுறது, முதல் போட்டால் கரைஞ்சு போயிடும்..."

மீன்குழம்பு கொதித்து இறங்கும்வரை கடுவன் நின்றது. பிறகு திரும்பிக் காட்டுக்குள் போனது.

தவராசா ஆற்றைக் கடந்து வந்தார். சாம்பவி கல்லுக்குள் கிடந்த போனை எடுத்து நீட்டினாள். அது இன்னும் கார் விற்றுக்கொண்டிருந்தது. அவர் அதன் வாயை அடைத்தார். மரத்தடியில் தாய் தோளை நக்கிக்கொண்டு நின்றது. குட்டி உச்சியில் இருந்தது.

"இவ்வளவு நாளும் அது ஏன் வரேல்ல?"

"கட்டையில ரெண்டு பேர் இருந்தினம்."

"எங்களுக்குப் பயமோ?"

"பயமில்லை. பிடிக்காது. நாங்கள் இருக்கிற பக்கம் வராது."

"தாய்க்கு எங்களைப் பிடிக்குமோ?"

"அதுக்கும் பிடிக்காது, அண்ணை. கடுவனைவிட நாங்கள் பரவாயில்லை எண்டு வந்து இருந்தது."

தவராசா கட்டையில் இருந்தார். அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. கமராவைத் திருப்பி அந்தப் படத்தைப் பார்த்தார். வெளிச்சம் பொன். ஒவ்வொரு மயிரும் தெரிந்தது. பார்வை அதே பார்வை. அதைச் சாம்பவியிடம் நீட்டினார்.

"நல்ல படம்," என்றாள்.

கன்னத்தில் ஒரு அறை விட்டிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீர் முதலே சொல்லியிருந்தால் நான் எழும்பியிருக்க மாட்டன்," என்று சீறினார். "படிப்பிக்கிற ஆள் வாயை மூடிக்கொண்டு இருக்கிறதோ?"

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பியள்?"

பொய் சொல்லத் தெரியாதவர் அல்ல அவர். ஆனால் மரத்தின் உச்சியில் குட்டி முனகிக்கொண்டிருந்தது.

"ஆள் இருக்கிற மாதிரி வேற என்ன வைக்கலாம் எண்டு பார்த்திருப்பன்."

சாம்பவி தலையை ஆட்டினாள்.

குட்டி மறுநாள்தான் இறங்கியது. தாய் அதைக் கூட்டிக்கொண்டு, மீன் அதிகம் ஏறாத மேல் ஓடைக்குப் போய்விட்டது. கட்டைக்கு முன்னாலிருந்த மடுவில் கடுவன் விடியவிடிய வந்து தின்றது. இவர்கள் வந்து இருந்தால் போகும். எழும்பினால் வரும்.

"மீன் இன்னும் ரெண்டு கிழமைதான்," என்றாள் சாம்பவி. "அதுக்குள்ள தாய் கொழுப்பு வைக்காட்டில், மாரியில குகைக்குள்ள படுக்கேக்க பால் வத்திப்போகும்."

"குட்டி?"

அவள் மேல் ஓடைப் பக்கம் பார்த்தாள்.

பத்தாம் நாள், அவரை ஏற்றிப்போகச் சின்ன நீர்விமானம் வரவேண்டிய நாள். பையைக் கட்டிவிட்டுக் கேட்டார்.

"நான் போனால் அது திரும்பி வருமோ?"

"ஒரு ஆள் இருக்கிற கட்டையைக் கடுவன் நெடுக மதிக்காது. அண்டைக்கு நீங்களும் அங்கால நிண்டதாலதான் போனது. வசந்தத்தில நான் தனியத்தான் இருந்தனான். மற்றக் குட்டி அப்பதான் போனது."

தவராசா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அதுக்குத்தான் என்னைச் சும்மா சேர்த்தனீரோ?"

"ஓம்."

பத்து நாளாகத் தேடிய பழுது கையில் கிடைத்துவிட்டது. ஏமாற்றிவிட்டாள் என்று கோபம் வரவேண்டும். அதற்காகக் காத்திருந்தார். வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் விளங்கவில்லை. கட்டிய பையை அவிழ்த்தார்.

படகிலிருந்த போனில் மனைவியைக் கூப்பிட்டார்.

"இன்னும் ரெண்டு கிழமை செல்லும்."

"என்ன, கரடி விலைக்குப் படியேல்லையோ?" என்றாள் அவள்.

"இஞ்ச ஒரு கட்டையில இருக்கோணும்."

"எதுக்கு?"

"சும்மா. இருக்க ஆள் காணாது."

மறுபக்கத்தில் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"மழைக்கோட்டு இருக்கோ?"

"கரடி கிழிச்சுப் போட்டுது."

"ஐயோ கடவுளே," என்றாள் மனைவி. பிறகு, "பெனியனுக்கு மேல ரெண்டு சட்டை போடுங்கோ," என்றாள்.

கட்டையில் இப்போது இருக்கும் முறை மாறியது. கடுவன் பின்பக்கத்தால் வரப் பழகிவிட்டது. ஆகவே சாம்பவி ஆற்றைப் பார்த்து இருந்தாள். தவராசா காட்டைப் பார்த்து இருந்தார். முதுகும் முதுகும் பட்டன. காட்டில் படம் எடுக்க ஒன்றுமில்லை. கமரா படகில் கிடந்தது.

"கதையுங்கோ," என்றாள்.

கார் விற்கத் தொடங்கினார். இரண்டு வசனத்துக்கு மேல் வரவில்லை. சும்மா இருந்தார். முதுகில் சாம்பவியின் முழங்கை பட்டது. என்னத்தைச் சொல்வது என்று தெரியாமல், வந்ததைச் சொன்னார். கனடாவுக்கு வந்த புதிதில் ஏழு பேர் ஒரே அறையில் படுத்ததைச் சொன்னார். குறட்டை விட்டவனுக்குச் சப்பாத்தால் எறிந்ததைச் சொன்னார். மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு, சோறு பிந்தியதென்று எல்லாருக்கும் முன்னால் பீங்கானைத் தூக்கிச் சுவரில் அடித்ததைச் சொன்னார். வந்த பிள்ளைகள் எல்லாம் கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்ததைச் சொன்னார். அவள் மட்டும் அழாமல் துண்டுகளைப் பொறுக்கியதைச் சொன்னார். யாருக்குச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. காடு கேட்டுக்கொண்டிருந்தது. மழை பெய்தது.

இரண்டு தரம் கடுவன் காட்டின் விளிம்புவரை வந்து அவரைப் பார்த்தது. குரல் நடுங்கியது, ஆனால் உயரவில்லை. சொல்லிக்கொண்டிருந்ததை விட்ட இடத்திலிருந்து சொன்னார். அது போய்விட்டது.

இப்படி முதுகோடு முதுகாக இருக்கத் தொடங்கிய ஐந்தாம் நாள் பின்னால் தண்ணீர் அடிபட்டது. சாம்பவியின் முதுகு இறுகியது. பிறகு தளர்ந்தது.

"வந்திட்டுதோ?"

"கதையுங்கோ."

அதற்குப் பிறகு தினமும் பின்னால் மீன் துள்ளும் சத்தம். எலும்பு நொறுங்கும் சத்தம். குட்டி கல்லைப் புரட்டும் சத்தம். அவர் காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பன்னச்செடியின் இலைகள் எத்தனை என்று பாடமாகிவிட்டது.

மீன் காலம் முடிய இரண்டு நாள் இருந்தபோது, ஒரு மத்தியானம், பின்னால் ஈரக் கூழாங்கல் நெரிந்தது. பெரிய பாரம் ஒன்று கீழே சரிந்தது. மிகக் கிட்ட. கையை நீட்டினால் பட்டுவிடும் போலிருந்தது. பிறகு ஒரு சத்தம் வந்தது. தாழ்ந்த, சீரான, ஒரு நல்ல எஞ்சின் நின்ற இடத்தில் ஓடுவதுபோன்ற முரல்வு. பால் குடிக்கிற குட்டி அப்படித்தான் முரலும் என்று சாம்பவி முன்பொருநாள் சொல்லியிருந்தாள்.

தவராசாவின் கழுத்து திரும்பத் துடித்தது. பன்னச்செடியைப் பார்த்தார். சொல்லிக்கொண்டிருந்த கதையை, அவசரப்படாமல், கடைசிவரை சொன்னார்.

முரல்வு மெல்ல மெல்லத் தேய்ந்து நின்றது.

குரலை மாற்றாமல் கேட்டார்.

"பிள்ளை."

"ம்."

"அது என்னை எப்பிடிப் பார்க்குது?"

சாம்பவி மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"பார்க்கேல்ல, அண்ணை," என்றாள். "நித்திரை."